மூமின் பள்ளத்தாக்கைத் திரைக்குக் கொண்டுவருவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்லாந்து எழுத்தாளர் தூவெ யான்சன், நீர்யானை போன்ற மூமின்கள் என்னும் கற்பனை உயிர்களைப் பற்றி எழுதிய கதைகள் எனக்குத் தொலைக்காட்சி வழியாகத்தான் அறிமுகமாயின. 1990-இல் வெளிவரத் தொடங்கிய ஜப்பானிய அனிமேஷன் தொடரை என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். பிறகு புத்தகங்களுக்கு வந்தபோது, தொடரில் கண்ட பளிச்சென்ற பள்ளத்தாக்கு வேறு, புத்தகத்தில் உள்ள பள்ளத்தாக்கு வேறு என்று தோன்றியது. புத்தகத்தில் இருட்டும் தனிமையும் அதிகம்.

முழுச் சுதந்திரமும் போதிய பணமும் கிடைத்தால் இக்கதைகள் எப்படிப்பட்ட அனிமேஷனாக வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இன்றைய முப்பரிமாணக் கணினி வரைகலை இதற்குப் பொருந்துமா? போகுமிடமெல்லாம் குளிரைக் கொண்டுவரும் குரோக்கை வில்லியாக வைத்து ஒன்பது புத்தகங்களையும் ஒரே தொடர்கதையாகக் கோக்கலாமா? கடைசிப் புத்தகத்தில் மூமின் குடும்பமே வருவதில்லை. அதைக் குழந்தைகளுக்கான படத்தில் சேர்க்கத்தான் வேண்டுமா? மகள் முதல் சில புத்தகங்களைத்தான் முடித்திருக்கிறாள். அடுத்து கடல் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான பதில்கள் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும்.

முப்பரிமாணம் வேண்டாம் என்பதே என் எண்ணம். 2019-இல் வெளிவரத் தொடங்கிய பிரிட்டிஷ்–பின்லாந்துத் தொடர் அந்த முறையில்தான் எடுக்கப்பட்டது. அதில் உழைப்பும் அன்பும் தெரிகின்றன. ஆனால் யான்சன் முதலில் ஓவியர். ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சின்கியிலும் பாரிஸிலும் ஓவியம் பயின்றவர். தன் கதைகளுக்கான படங்களைக் கறுப்பு மையில் தானே வரைந்தவர். அந்தப் படங்களில் காடு என்பது நெருக்கமாக இழுக்கப்பட்ட பேனாக்கோடுகளின் அடர்த்தி. கடல் என்பது பக்கவாட்டில் ஓடும் கோடுகளின் அடுக்கு. அந்த இருட்டின் அடியில் எங்கோ ஓரத்தில் சின்னஞ்சிறு வெள்ளை உருவமாக, மூமின் குடும்பத்தின் மகன் மூமின்ட்ரோல் நிற்பான். அந்த வெள்ளை மை தொடாமல் விடப்பட்ட வெறும் தாள்தான். சுற்றிலும் உலகம் கறுத்துக்கொண்டே வரும்போது ஓரிடம் மட்டும் கறுக்காமல் மிஞ்சியிருப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு எந்த வசனமும் இல்லாமலே கதையின் பாதி புரிந்துவிடும். அந்த உடலுக்கு ரோமமும் எடையும் நிழலும் கொடுத்துவிட்டால் வெள்ளை என்பது பல நிறங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1965-இல் வந்த கடல் புத்தகத்தில், அப்பாவின் ஆசைக்காகக் குடும்பம் முழுவதும் பள்ளத்தாக்கை விட்டு, கலங்கரை விளக்கம் இருக்கும் ஒரு பாறைத் தீவுக்குக் குடிபெயர்கிறது. அங்கே மண்ணில் எதுவும் முளைப்பதில்லை. வீட்டு ஏக்கம் தாளாமல் மூமின் அம்மா கலங்கரை விளக்கத்தின் சுவரில் தன் தோட்டத்தை வரையத் தொடங்குகிறாள். பூக்களும் மரங்களுமாகச் சுவர் நிறைகிறது. ஒருநாள் அவள் தான் வரைந்த ஆப்பிள் மரத்தைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்த கணம் சுவருக்குள், தன் தோட்டத்துக்குள் இருக்கிறாள். அம்மாவைக் காணாமல் அறையில் தவிக்கும் குடும்பத்தை மரத்தின் பின்னால் நின்று அவள் பார்க்கிறாள். அவர்களுக்கோ அவள் தெரிவதில்லை. பின்னொரு நாள், அவளுடைய ஏக்கம் தானாகத் தணிந்துவிட்ட பிறகு, அதே மரத்தைத் தொடும்போது கையில் படுவது சுவர் மட்டுமே.

முப்பரிமாணத்தில் இதை எடுப்பவர் என்ன செய்வார்? கனமுள்ள உடலொன்றைத் தட்டையான சுவருக்குள் அனுப்பியாக வேண்டும். ஒளி வட்டமோ மினுமினுப்போ மந்திர ஓசையோ தேவைப்பட்டுவிடும். கையால் வரையும் அனிமேஷனில் எதுவுமே தேவையில்லை. அம்மாவும் கோடு, மரமும் கோடு. இரண்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். ‘என்ன நடந்தது?’ என்று கேட்கும் குழந்தை, காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்த்தாலும் எல்லை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கதைகள் கோட்டோவியமாகவே அசையவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

கோட்டோவியத்தில் ஒரு சிக்கல் உண்டு. திரைப்படத்துக்கு ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டின் கோடுகளைக் கையால் புதிதாக இழுத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் திரை முழுவதும் நடுங்கும். கணினி அந்த நடுக்கத்தை எளிதில் அகற்றிவிடும். நானோ அதைப் பாதி மட்டும் அகற்றச் சொல்வேன். காடும் கடலும் நடுங்கட்டும். அவற்றுக்கு உயிர் இருப்பதாகத்தானே இந்தக் கதைகள் சொல்கின்றன. மனிதர்போல் பேசும் உருவங்கள் மட்டும் நிதானமாக இருக்கட்டும்.

இன்னொன்று, வாய். யான்சனின் ஓவியங்களில் மூமின்களுக்குப் பெரும்பாலும் வாய் தெரிவதில்லை. பெரிய மூக்கு, கண்கள், சிறிய காதுகள், வால். அச்சமும் வெட்கமும் மகிழ்ச்சியும் கண்ணின் கோணத்திலும் வாலின் தொங்கலிலும் நிற்கும் விதத்திலுமே வெளிப்படும். அனிமேஷனுக்கு வந்ததும் பேசுவதற்காக வாயைத் திறந்துவிடுகிறார்கள். என் படத்தில் வாயைத் திறக்கமாட்டேன். குரல் கேட்கும், முகம் அசையாது. எந்த உருவம் பேசுகிறது என்பதைக் குழந்தைகள் காதின் அசைவை வைத்தே கண்டுகொள்வார்கள்.

குரோக்கைப் பற்றிய உங்கள் யோசனையை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. அவள் அமர்ந்த நிலம் உறைந்துவிடும் என்பது உண்மை. எல்லோரும் அவளைக் கண்டு ஓடுவதும் உண்மை. ஆனால் 1957-இல் வந்த பனிக்காலப் புத்தகத்தில் குளிர்காலப் பெருந்தீயின் மேல் அவள் வந்து உட்கார, தீ அணைகிறது. அவள் அணைக்க வரவில்லை, குளிர்காயவே வந்தாள் என்பதை மூமின்ட்ரோலின் குளிர்காலத் தோழி டூ-டிக்கி விளக்குகிறாள். கடல் புத்தகத்தில் விளக்கின் ஒளியைத் தேடி அவள் அந்தத் தீவுவரைக்கும் பின்தொடர்கிறாள். மூமின்ட்ரோல் இரவுதோறும் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. வெறுங்கையோடு போகிறான். அவளோ அவனைக் கண்டதற்காகவே மகிழ்ந்து ஆடுகிறாள். அவள் போனபின் அவன் மணலைத் தொட்டுப் பார்க்கிறான், அது உறைந்திருக்கவில்லை.

இப்படி ஒரு பாத்திரத்தை வில்லியாக்கினால், இறுதியில் அவளை வென்றாக வேண்டும். அதோடு இந்த வரிசையின் நடுப்பொருளே போய்விடும். மணலைத் தொடும் காட்சியில் இசை வேண்டாம், நெருக்கக் காட்சி வேண்டாம், பின்னணிக் குரலின் விளக்கம் அறவே வேண்டாம். கடலின் ஓசையும், பாதத்தின் அடியில் மணல் நெகிழும் சிறிய ஓசையும் போதும். எட்டு வயதுக் குழந்தை அதைப் புரிந்துகொள்ளும் என்று நம்பித்தான் யான்சன் எழுதினார். படம் எடுப்பவர்களுக்கும் அந்த நம்பிக்கை வேண்டும்.

ஒரே தொடர்கதையாகக் கோப்பதும் பொருந்தாது. 1945 முதல் 1970 வரை வந்த ஒன்பது புத்தகங்களில் ஒன்று சிறுகதைத் தொகுப்பு. ஒவ்வொன்றின் வேகமும் வேறு. வால்நட்சத்திரக் கதை விறுவிறுவென ஓடும். பனிக்காலக் கதையோ நின்று நின்று நகரும். எனவே அளவு வேறுபடும் ஒன்பது தனிப்படங்கள். சிறுகதைத் தொகுப்பு சில குறும்படங்களாகப் பிரியலாம்.

குடும்பம் வராத அந்தக் கடைசிப் புத்தகத்தை, நவம்பர் புத்தகத்தை, சேர்க்கத்தான் வேண்டும். யான்சனின் தாய் இறந்த அதே 1970-இல் வந்த புத்தகம் அது. ஆறுதல் தேடி ஃபிலிஜாங்க், ஹெமுலன், டாஃப்ட் எனச் சிலர் மூமின் வீட்டுக்கு வருகிறார்கள், வீடு காலி. ஊர்சுற்றியான ஸ்னஃப்கின், பள்ளத்தாக்கில் தான் விட்டுவிட்டுப் போன மழைப்பாட்டுக்கான இசைத்துணுக்கைத் தேடி வருகிறான். யாரை நம்பி வந்தார்களோ அவர்கள் இல்லாத இடத்தில் இவர்கள் ஒருவரையொருவர் பொறுத்து வாழப் பழகவேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கு இது அன்னியமான அனுபவமே அல்ல. வீட்டில் ஒருவர் இல்லாமற்போவதை அவர்கள் நம்மைவிடக் கூர்மையாக உணர்வார்கள்.

இந்தப் படத்தில் நிறம் மிகக் குறைவாக இருக்கவேண்டும், பெரும்பகுதி மூடுபனி. ரஷ்ய அனிமேஷன் கலைஞர் யூரி நோர்ஸ்டைன் 1975-இல் மூடுபனியைக் காட்ட, மிக மெல்லிய தாள் ஒன்றைக் காட்சியின் மேல் வைத்துக் கேமராவை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்தினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பனி கண்ணுக்கு ஈரமாகத் தெரிகிறது. நவம்பர் படத்துக்கு அந்த முறைதான் ஏற்றது.

தயாரிப்பாளர்கள் கடைசியில் குடும்பம் கரையிறங்கிக் கட்டியணைப்பதைக் காட்டச் சொல்வார்கள். புத்தகத்தில் வருவது தொலைவில் தெரியும் படகின் விளக்கும், கயிற்றைப் பிடிக்க நேரமிருக்கிறது என்று நினைக்கும் டாஃப்ட்டும் மட்டுமே. படமும் அங்கேயே முடியவேண்டும். காத்திருந்தவன் டாஃப்ட். குடும்பம் திரையில் வந்துவிட்டால் எல்லோரும் அவர்களைப் பார்க்கத் தொடங்குவார்கள், அவன் மறக்கப்படுவான்.

உங்கள் மகளுக்குக் கடல் புத்தகத்தைக் கொடுக்கும் முன் பனிக்காலப் புத்தகத்தைக் கொடுங்கள். குரோக் தீயின் மேல் உட்காருவதைப் படித்திருந்தால்தான் அந்த உறையாத மணல் அவளுக்கு முழுதாகப் புரியும்.

அன்புடன்