செய்தியின் முதல் வரி வராத மாணவர்கள்

இரண்டாம் ஆண்டு இதழியல் பிள்ளைகள் எல்லாச் செய்தியையும் "இன்று காலை பத்து மணியளவில்" என்றே தொடங்குகிறார்கள், பஸ் கவிழ்ந்த விஷயம் நான்காம் பத்தியில்தான் வருகிறது என்கிறீர்கள். எனக்கும் பழகிய தலைவலிதான், சார்.

திருத்துவதை விட்டுவிட்டு வாய்விட்டு வாசிக்க வையுங்கள். 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்ட பத்திரிகை. மூச்சு வாங்கும் வாக்கியம் அங்கே செல்லாது.

என் வகுப்பில் ஒரு மாணவி தன் முதல் வரியைப் படிக்கும்போதே பாதியில் திணறி நின்றாள். பேனாவை எடுத்து, "பஸ் கவிழ்ந்து மூவர் காயம்" என்று மேலே எழுதிக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம், சிவப்புப் பேனாவை ஒரு மாதம் ஒளித்து வையுங்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.