பப்பில் பிணம் இருக்கலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் அயர்லாந்துக் கிராமத்து பப் ஒன்றில் நடக்கும் துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டோம். கோஸி மிஸ்டரி வகை, அதாவது ரத்தமும் வன்முறையும் அதிகம் காட்டாமல் சின்ன ஊரில் நடக்கும் கொலைக்கதை. தாத்தா விட்டுப்போன பப்பை நடத்தும் பெண், பீர் பீப்பாய்கள் வைத்திருக்கும் நிலவறையில் ஒரு பிணத்தைப் பார்க்கிறாள். கொலையாளியையும் அவளே கண்டுபிடிக்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். நிலவறையில் பிணம் என்பது நம்பும்படி இல்லையாம். அடுத்த சில நாளில் பப்பைத் திறந்து, செத்தவனைப் பற்றி ஊரே சாவகாசமாகப் பேசுவது ஈரமற்ற செயலாம். போலீஸ்காரர் ரொம்ப சாதுவாம். பக்கத்துக்குப் பக்கம் டீ, சோடா ரொட்டி, மழை. கொலையாளி யாரென்று ஐம்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது என்றார் ஒரு நண்பர். குடிக்கிற இடத்தை இப்படிக் கொஞ்சலாமா என்றார் இன்னொருவர். எல்லோரும் சேர்ந்து பாராட்டியது ஒரே இடத்தைத்தான்: 1965இல் கதாநாயகியின் பாட்டி வயல்வேலை முடித்து நேராக வந்து, கவுண்டரில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பைன்ட் கின்னஸ் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும் பெரிய கிளாஸில் கறுப்பு பீர்) குடிக்கும் காட்சி. நான் எதுவும் பேசவில்லை. இந்த மாதிரி நாவல்களைப் படிப்பது நேர விரயமா சார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் திட்டிவிடுகிறேன். பிடித்த புத்தகத்தை அத்தனை பேர் சேர்ந்து வையும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு எழுதுகிறீர்கள். நான் உங்கள் வக்கீல் இல்லை. “எனக்குப் பிடித்திருந்தது” என்று சொல்ல இலக்கியக் கோட்பாடு எதுவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

டீயும் ரொட்டியும் இந்த வகை நாவலில் இருக்கத்தான் செய்யும். மழை கூடாது என்பவர் மேற்கு அயர்லாந்தில் நடக்கும் கதையை ஏன் எடுத்தார் என்று தெரியவில்லை. போலீஸ்காரர் சாதுவாக இருந்தால் என்ன? அந்த நாட்டில் சீருடைக் காவலர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வதே இல்லை. குடிக்கிற இடத்தைக் கொஞ்சலாமா என்று கேட்டவர் டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். அவரோடு எனக்குப் பேச்சில்லை.

பிணத்துக்கு வருகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொஞ்ச நாளாக அயர்லாந்து பப்களின் வரலாற்றில்தான் கிடக்கிறேன்.

1846. பெரும்பஞ்சம் அந்த நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம். அந்த ஆண்டு வந்த மரண விசாரணைச் சட்டம் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. எங்காவது ஒரு சடலம் கிடந்தால், விசாரணை முடிந்து அடுத்த ஏற்பாடு ஆகும்வரை அதை அருகிலுள்ள மதுக்கடையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஏன் மதுக்கடை? யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் பிணவறை கிடையாது. பப் இல்லாத ஊர் கிடையாது. பீர் கெடாமல் இருக்கத் தோண்டிய நிலவறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். மேலே நாலு பேர் உட்கார்ந்து சாட்சி கேட்கக் கூடமும் இருக்கிறது. சில பப் முதலாளிகள் நிலவறையில் பளிங்கு மேஜையே போட்டு வைத்திருந்தார்களாம், பரிசோதனைக்கு வரும் மருத்துவருக்கு வசதியாக. இந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கியது 1962இல்தான். நூறு வருடத்துக்கும் மேலாகச் சட்டமே பிணத்தை நிலவறைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் குழுவுக்கு மட்டும் அது நம்பும்படி இல்லை!

இதோடு விட மாட்டேன். பிணம் வீட்டுக்குள் வந்துவிட்டது, சொந்தக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். பெட்டி வேண்டும், வண்டி வேண்டும், காரியம் முடிந்ததும் வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பப் வைத்திருப்பவருக்கு அந்த வேலையும் வந்து சேர்ந்ததில் என்ன ஆச்சரியம்? முன்பக்கம் மளிகை, உள்ளே பார், பின்கட்டில் சவப்பெட்டி என்று ஒரே குடும்பம் நடத்திய கடைகள் அங்கே ஊருக்கு ஊர் இருந்தன. டிப்பரரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற சின்ன ஊரில் மெக்கார்த்தீஸ் என்று ஒரு பழைய பப் இருக்கிறது. குடிக்க ஊற்றுவதும் சாப்பாடு போடுவதும் அடக்கம் செய்து கொடுப்பதும் அவர்களேதான். அதை அவர்கள் ஒளிப்பதும் இல்லை, அதைச் சொல்லித்தான் விளம்பரமே செய்கிறார்கள்.

அப்புறம் அந்த ‘ஈரமற்ற’ பேச்சு. மகள் வேலை பார்க்கும் ஊரென்று அயர்லாந்து போயிருந்தபோது, கார்க் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட பழைய கடை ஒன்றில் மதியம் உட்கார்ந்திருந்தேன். நான் குடிப்பதில்லை, ஆரஞ்சு சோடா. கவுண்டருக்குப் பின்னால் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே தீப்பெட்டி, ஷூ லேஸ், பீன்ஸ் டின். முதலாளி ஒருவருக்கு கின்னஸ் பிடித்தார். முக்கால் கிளாஸ் பிடித்து நிறுத்திவிட்டு நுரை அடங்குவதற்காகக் கவுண்டரில் வைத்தார். அதை அப்படித்தான் செய்ய வேண்டும், இரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் உள்ளூர் வானொலியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். அங்கே தினமும் வாசிப்பார்கள்: பெயர், ஊர், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பூசை எத்தனை மணிக்கு. பேச்சு அத்தனையும் நின்றது. கிளாஸின் சொந்தக்காரர் அதைத் தொடவில்லை. வாசித்து முடித்ததும் முதலாளி மீதியை ஊற்றித் தள்ளினார். அவ்வளவுதான், பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர் யாருடைய மாப்பிள்ளை, எந்த வருஷம் டிராக்டரைக் கால்வாயில் இறக்கினார், யாருக்குக் கடன் பாக்கி, அவர் தம்பி ஏன் அவரோடு பேசுவதில்லை. நடுவில் சிரிப்பும் வந்தது. வியாழக்கிழமை யார் காரில் யார் போவது என்பதும் அங்கேயே முடிவாயிற்று. அத்தனை பேரும் போகப்போகிறார்கள்! அந்த மேஜையில் ஒரு கொலை விசாரணைக்குத் தேவையான எல்லாம் கால் மணி நேரத்தில் வந்து விழுந்துவிட்டது. உங்கள் கதாநாயகி செய்த ஒரே வேலை காது கொடுத்துக் கேட்டதுதான். இழவு வீட்டில் உடலைச் சுற்றி உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கதை பேசி, விளையாட்டுகூட ஆடிய சனங்கள் அவர்கள். பாதிரிமார்கள் பல நூற்றாண்டு தடைபோட்டும் கேட்கவில்லை. இவர்களையா ஈரமற்றவர்கள் என்கிறீர்கள்?

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். எல்லோருமாகப் பாராட்டினார்களே, அந்தப் பாட்டி. 1965இல் ஒரு கிராமத்துப் பெண் தனியாக வந்து கவுண்டரில் ஆண்களோடு உட்கார்ந்து பைன்ட் வாங்கிக் குடித்தாள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நாவலாசிரியர் எழுதியிருக்கிறார், உங்கள் குழுவும் கைதட்டியிருக்கிறது. பழைய பப்களில் ஸ்னக் என்று ஒரு சின்ன அறை இருக்கும். பாருக்குப் பக்கவாட்டில், கதவு போட்டு, உள்ளே கிளாஸ் நீட்ட ஒரு சின்ன ஜன்னலோடு. குடிப்பது வெளியே தெரியக்கூடாத பாதிரியாரும் போலீஸ்காரரும் பெண்களும் உட்காரும் இடம். பல கடைகளில் பெண்ணுக்குப் பரிமாறவே மாட்டார்கள், பரிமாறினாலும் அரை பைன்ட்தான். 1970களில் நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளர் சுமார் முப்பது பெண்களோடு டப்ளினில் நியரீஸ் என்ற பப்புக்குப் போனார். ஆளுக்கொரு பிராந்தி கேட்டார்கள், வந்தது. பிறகு ஒரே ஒரு பைன்ட் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். ஒரு பைன்ட் தர முடியாத கடைக்கு முப்பது பிராந்திக்கு எதற்குக் காசு என்று குடித்துவிட்டுக் கொடுக்காமல் வெளியேறினார்கள். தலைநகரத்தில் நிலைமை இப்படி. பெண் என்பதற்காகப் பரிமாற மறுப்பதைச் சட்டம் தடைசெய்ய 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எஸ், உங்கள் குழு நடந்ததை நம்பவில்லை, நடந்திருக்க வாய்ப்பு அரிதானதை அப்படியே விழுங்கியிருக்கிறது. பாட்டி அவர்களுக்குப் பிடித்த மாதிரி இருந்தாள், அதனால் உண்மையாகிவிட்டாள். பிணம் பிடிக்கவில்லை, பொய்யாகிவிட்டது. ‘நம்பும்படி இல்லை’ என்ற தீர்ப்பை வாசகர்கள் இவ்வளவு அலட்சியமாக வீசுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பாட்டியை ஸ்னக்கில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாக அவள் எதையாவது பார்த்துவிட்டதாக எழுதியிருந்தால் நாவலே வேறாகியிருக்கும். எழுதியவருக்கும் அது தோன்றவில்லை, பாவம்.

நேர விரயமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? அதை ஐம்பதாம் பக்கத்திலேயே கொலையாளியைப் பிடித்துவிட்ட நண்பரிடம் கேளுங்கள். அப்புறமும் கடைசிப் பக்கம்வரை அவர் ஏன் படித்தார்? என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.