கோர்ஸ்மேட்கள் தொடங்கும் அறக்கட்டளை – கடிதம்

வணக்கம் ஐயா,

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஒன்றாகப் பயிற்சி முடித்த நாங்கள் சிலர் ஒரு அறக்கட்டளை தொடங்கப் பார்க்கிறோம். எங்களில் கேப்டனாகவே வெளியே வந்தவர்களும் உண்டு, பிரிகேடியர் வரை போனவரும் உண்டு. பணியில் இறந்த நண்பன் பெயரை வைக்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். எங்கள் பயிற்சி அணியின் கோர்ஸ் நம்பரும் ராணுவச் சின்னமும் வேண்டும் என்கிறார்கள் மீதிப் பேர். உதவி எங்கள் கோர்ஸ் குடும்பங்களுக்கு மட்டுமா, வெளியாருக்கும் உண்டா என்பதிலும் சண்டை. வாட்ஸப் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறியே விட்டார்கள். ராணுவத் தோழர்கள் ஆரம்பித்து நிலைத்த அமைப்பு ஏதாவது உண்டா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு பேர்தானே, திரும்பி வந்துவிடுவார்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே சண்டை வந்தது நல்லதுதான், பணம் சேர்ந்த பிறகு வந்தால் கோர்ட்டுக்குப் போகும்.

நீங்கள் கேட்ட மாதிரி அமைப்பு உண்டு, பெயர் ‘டாக் எச்’. கொச்சி வைட்டிலா பக்கம் போயிருந்தால் அதே பெயரில் ஒரு பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து வந்தது. செய்தி அனுப்பும் பிரிட்டிஷ் சிக்னல்காரர்கள் அப்போது ‘டி’ (T) எழுத்தை ‘டாக்’ என்பார்கள். டி.எச். என்றால் டால்பட் ஹவுஸ்.

பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனைக்குப் பின்னால் போப்பரிங்கே என்று ஒரு சிற்றூர். 1915 டிசம்பரில் அங்கே ஒரு வியாபாரியின் வீட்டை வாடகைக்குப் பிடித்து, சிப்பாய்கள் வந்து இளைப்பாற ஒரு இடம் திறந்தார்கள். திறந்தவர்கள் நெவில் டால்பட், பிலிப் கிளேட்டன் என்ற இரண்டு ராணுவப் பாதிரிகள். நெவிலின் தம்பி கில்பர்ட் அந்த ஜூலையில்தான் அருகே ஹூகேயில் செத்துப் போயிருந்தான், வயது 23. வீட்டுக்கு வைத்தது அவன் நினைவான பெயர். ஆக, இறந்தவன் பெயரை வைப்பதற்கு முன்னோடி இருக்கிறது.

கிளேட்டன் குண்டான, கிண்டல்கார மனிதர். வீடு முழுக்கப் பலகைகள் எழுதி மாட்டினார். குப்பைக் கூடைகள் வெறும் அலங்காரத்துக்குத்தான், உத்தரவு என்று ஒன்று. அவநம்பிக்கைக்காரர்கள் இப்படிப் போகலாம் என்று வாசலைக் காட்டும் கை ஒன்று. நூலகத்தில் புத்தகம் வேண்டுமானால் தொப்பியை அடகு வைக்க வேண்டும். தொப்பியில்லாமல் எந்தச் சிப்பாயும் வெளியே போக முடியாது அல்லவா, அதனால் புத்தகம் திரும்பி வந்துவிடும். மாடியில் பரணைத் தேவாலயமாக்கினார்கள், தோட்டத்தில் கிடைத்த ஒரு தச்சு மேஜைதான் அங்கே பலிபீடம். கீழே ஒரு மூலையில் அறிவிப்புப் பலகை. ‘நான் இன்ன படைப்பிரிவு, இங்கே வந்திருந்தேன்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அண்ணனோ ஊர்க்காரனோ வந்து பார்த்துத் தேடிப் பிடிக்கலாம் என்பது ஏற்பாடு. வாட்ஸப்புக்கு நூறு வருஷம் முந்தைய சங்கதி.

உங்களுக்கு முக்கியமான பலகை கிளேட்டனின் அறைக்கதவில் இருந்தது. உள்ளே வருகிறவர்கள் பதவியை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று அதன் பொருள். அதிகாரிக்குத் தனி மெஸ், சிப்பாய்க்குத் தனி கேன்டீன் என்று இருந்த சேனையில் ஒரு ஜெனரலும் ஒரு சாதா சிப்பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது லேசான காரியமில்லை. டாக் எச்சின் அடையாளம் அந்தக் கதவிலேயே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். விளக்குச் சின்னம், 1922-இல் கிடைத்த அரச சாசனம் எல்லாம் அப்புறம் வந்தவை.

போர் முடிந்தது. 1919-இல் இங்கிலாந்தில் நட்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு சிறைச்சாலையில், பாதிரியாராக விரும்பிய முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு பள்ளி நடந்தது. கிளேட்டன் அங்கே ஆசிரியர். கிட்டத்தட்ட உங்கள் கோர்ஸ்மேட் கதைதான். அந்த ஆண்டே லண்டனில் டாக் எச்சைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு விடுதிகள். அவற்றுக்கு மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று துப்பாக்கி மாடல் போலப் பெயர், பழக்கம் விடவில்லை பாருங்கள். தங்குகிறவன் ஓய்வு நேரத்தில் ஏதாவது ஊர்வேலை செய்ய வேண்டும். போரின்போது பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். போப்பரிங்கே வீட்டைக் கண்ணால் காணாதவனும் உறுப்பினர்! பழைய சிப்பாய்கள் சிலருக்கு இது கசந்திருக்கும். ஆனால் அவர்களோடு மட்டும் நின்றிருந்தால், கடைசி ஆள் போன அன்று சங்கமும் போயிருக்கும்.

குறை இல்லாமலில்லை. கிறிஸ்தவம் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள், இரண்டும் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1783 மே மாதம், அமெரிக்க சுதந்திரப் போர் முடியும் தறுவாயில், அதிகாரிகள் சின்சினாட்டி சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் போட்டு, நலிந்த தோழர்களுக்கும் விதவைகளுக்கும் நிதி. நல்ல காரியம். கூடவே ஒரு விதி: உறுப்பினர் இறந்தால் மூத்த மகனுக்கு அந்த இடம். இப்போதுதான் ராஜாவை விரட்டினோம், அதற்குள் புதிய பிரபுக்களா என்று நாடு கொதித்தது. பிதாவின் பெருமையைப் பிள்ளைக்குக் கொடுப்பானேன், பெற்று வளர்த்த தாய் தந்தைக்கல்லவா கொடுக்க வேண்டும் என்ற தொனியில் மகளுக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கேலி செய்தார். சங்கத் தலைவர் வாஷிங்டனே 1784-இல் அந்த விதியை எடுத்துவிடச் சொன்னார். எல்லா மாநிலக் கிளைகளும் கேட்கவில்லை. சங்கம் இன்றும் இருக்கிறது, ஒஹையோவில் ஒரு நகரத்துக்கே அதன் பெயர். ஆனால் விதவைகள் நிதி யாருக்கு நினைவிருக்கிறது?

உங்கள் சண்டைக்கு வருகிறேன். கோர்ஸ் நம்பரை வைத்தால் உங்களுக்குப் புல்லரிக்கும், பணம் கொடுக்கிற ஊர்க்காரருக்கு அது ஏதோ பஸ் நம்பர். நண்பன் பெயரையே வையுங்கள், ஆனால் அவர் வீட்டாரிடம் முதலில் கேளுங்கள், வாட்ஸப்பில் அல்ல, நேரில் போய். ராணுவச் சின்னம் வேண்டாம். அரசின் ஆதரவு இருப்பது போலத் தோற்றம் தரும் பெயர்களையும் சின்னங்களையும் தடுக்க 1950-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. உதவி உங்கள் குடும்பங்களுக்கு மட்டும் என்றால் அதற்கு அறக்கட்டளை எதற்கு? மாதாமாதம் பணம் போட்டு ஒரு நிதி வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் பலன் நிறுவனர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் போனால் வருமானவரி விலக்கே சிக்கலாகும், ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள்.

தலைவர் யார் என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது கட்டாயம் இருக்கும். பிரிகேடியரை உட்கார வைத்தால் மற்றவர்கள் பழக்கதோஷத்தில் ‘சார்’ போட ஆரம்பித்துவிடுவார்கள். கேப்டன்களில் ஒருவர் தலைவராகட்டும். கணக்கைப் படையில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள், உங்கள் மனைவிமாரில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. பிரிகேடியருக்கு நன்கொடை கேட்டு நாலு பேரைப் போய்ப் பார்க்கும் வேலை, அவருக்குத்தான் உடனே கதவு திறப்பார்கள்.