காபி குடித்துவிட்டுப் போகிறவர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 43 வயது. மெக்கானிக்கல் எஞ்சினியர். குவைத்தில் ஆறு வருஷம், கனடாவின் கல்கரியில் பதினோரு வருஷம் என்று எண்ணெய் வயல் வேலையிலேயே காலம் போய்விட்டது. இப்போது அல்பெர்ட்டாவின் வடக்கே ஒரு சர்வீஸ் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜராகக் கூப்பிடுகிறார்கள். வேக்யூம் லாரி (கழிவை உறிஞ்சியெடுக்கும் வண்டி), சாலைப் பராமரிப்பு, கேம்ப் துப்புரவு ஆகியவைதான் வேலை. சுமார் 70 பேர். கம்பெனியில் 51 சதவீதம் அங்குள்ள ஒரு பூர்வகுடி நேஷனுக்கு (சொந்தத் தலைவரும் கவுன்சிலும் உள்ள பூர்வகுடிச் சமூகம்) சொந்தம், மீதி 49 ஒரு கல்கரி நிறுவனத்துக்கு. என்னை நேர்முகம் கண்டவர் அந்தக் கல்கரிக்காரர். "நேஷன் ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர்டு மீட்டிங்குக்கு வருவார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். நீ எனக்குப் பதில் சொன்னால் போதும்" என்றார். சம்பளம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு உறுத்துகிறது. எங்கிருந்தோ வந்த நான் அவர்களுடைய கம்பெனிக்குத் தலைமை தாங்கலாமா? மனைவிக்கு ஊர் மாற இஷ்டமில்லை. என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், கல்கரி

பதில்: உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது, தம்பி. சம்பளத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் உங்கள் வேலையே இருக்கிறது.

வட அல்பெர்ட்டாவில் இதே மாதிரிக் கூட்டுக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் ஒப்பந்தக் கணக்கு பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். அந்த போர்டு அறையில் காபி குடித்தவர்களை நானும் முதல் வருஷம் உங்கள் கல்கரிக்காரர் பார்த்த மாதிரியேதான் பார்த்தேன். பேச மாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேசாதவருக்குப் புரியவில்லை என்று நினைப்பது நம் ஆட்களிடம் உள்ள பழைய வியாதி.

ஃபோர்ட் மக்மரி நகரத்துக்கு வடக்கே ஃபோர்ட் மக்கே என்று ஒரு நேஷன் இருக்கிறது. கண்ணி வைத்துப் பிடித்த விலங்குகளின் ரோமத்தோலை விற்றுப் பிழைத்த ஊர். 80களில் ஐரோப்பாவில் ரோமத்தோலுக்கு எதிரான பிரசாரம் வலுத்து விலை விழுந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. சுற்றிலும் எண்ணெய் கலந்த மணலைத் தோண்டியெடுக்கும் எண்ணெய் மணல் சுரங்கங்கள் வந்துவிட்டன. 1986இல் ஜிம் பூஷே அங்கே தலைவரானார். அதே வருஷம் ஒரே ஒரு துப்புரவு ஒப்பந்தத்தோடு சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். துடைப்பத்தில் ஆரம்பித்த கதை. 2017இல் அந்த நேஷனும் மிக்கிசு க்ரீ நேஷனும் சேர்ந்து சன்கோர் நிறுவனத்தின் ஈஸ்ட் டேங்க் ஃபார்ம் என்ற எண்ணெய்க் கிடங்கில் 49 சதவீதத்தை வாங்கின. விலை 50 கோடியே 30 லட்சம் டாலர். 2022இல் 23 ஃபர்ஸ்ட் நேஷன், மெட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தார்) சமூகங்கள் ஒன்றாகச் சேர்ந்து, என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஏழு குழாய்வழிகளில் 11.57 சதவீதத்தை 112 கோடி டாலருக்கு வாங்கின. இந்த அளவு பேரம் நடக்கிற வட்டாரத்தில் போர்டில் உட்காருகிறவர்கள் காபிக்காக வருகிறார்கள் என்று ஒருவர் நம்பினால், அவருக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லை என்று அர்த்தம். அல்லது அவர்கள் எதையோ கேட்டுவிடக் கூடாது என்று அவர் நினைக்கிறார்.

எதை என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் வரவு என்று வையுங்கள். கூலி, டீசல், காப்பீடு எல்லாம் 60 லட்சம். லாரிகள் கம்பெனிக்குச் சொந்தமில்லை, 49 சதவீதக்காரரின் இன்னொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தவை. வாடகை 30 லட்சம். அதே லாரிகளை வெளியே எடுத்தால் 24 லட்சம்தான். அப்புறம் மேனேஜ்மென்ட் ஃபீஸ் 8 லட்சம், அதுவும் அவருக்கே. மிச்சம் 2 லட்சம். அதில் 51 சதவீதம் நேஷனுக்கு, அதாவது 1,02,000 டாலர். அவருக்கு 98,000, ஃபீஸ் 8 லட்சம், வாடகையில் கூடுதலாக வந்த 6 லட்சம், ஆக ஏறக்குறைய 15 லட்சம். 51 சதவீதம் என்பது லாபக் கோட்டுக்குக் கீழே உள்ளதில்தான். பணமோ கோட்டுக்கு மேலேயே போய்விட்டது. சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லாமல்கூட இருக்கலாம், எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டதாகவே இருக்கும்.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்தையும் உபகரண வாடகை ஒப்பந்தங்களையும். அதில் ஃபீஸ் எத்தனை சதவீதம், அது வரவின் மீதா லாபத்தின் மீதா, பங்குதாரரின் சொந்தக் கம்பெனிகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நேஷன் தரப்பு இயக்குநர்களின் ஒப்புதல் வேண்டுமா என்று பாருங்கள். "வேலையில் சேர்ந்த பிறகு காட்டுகிறேன்" என்றால் சேராதீர்கள்.

கல்கரிக்காரரையும் முழு வில்லனாக்க வேண்டாம். கனடாவில் பூர்வகுடியினருக்காகப் போட்ட 1876ஆம் வருஷத்து இந்தியன் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 89ஆம் பிரிவுப்படி பூர்வகுடியினருக்கென ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் உள்ள அவர்களின் சொத்தை வெளியார் ஜப்தி செய்ய முடியாது. பாதுகாப்புக்காக வந்த பிரிவுதான், ஆனால் அடமானம் வைக்க முடியாத சொத்துக்கு எந்த வங்கி கடன் தரும்? முதல் நாலு லாரி வாங்க ஜாமீன் கையெழுத்து போட்டவர் அநேகமாக இவராகத்தான் இருப்பார். அந்த ஆபத்துக்குக் கூலி நியாயம்தான். பத்து வருஷம் கழித்தும், கடன் அடைந்த பிறகும், அதே கூலி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, நேஷன் பக்கம் எல்லாம் சுமுகமா? இல்லை. தலைவருக்கும் கவுன்சிலுக்கும் தேர்தல் உண்டு. இந்தியன் சட்டப்படி நடத்துகிற இடங்களில் பதவிக்காலம் 2 வருஷம்தான், 2015இல் அமலுக்கு வந்த தேர்தல் சட்டத்துக்கு மாறியவர்களுக்கு 4, சில இடங்களில் சொந்த வழக்கம். நீங்கள் போகிற நேஷன் எந்த வகை, அடுத்த தேர்தல் எப்போது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கவுன்சிலர் போன் செய்வார். தங்கை மகன், நல்ல பையன், போதைப்பொருள் சோதனையில் ஏதோ குழப்பம், நாளைக்கு வண்டியில் ஏற்றிவிடு என்பார். எனக்கும் வந்தது. சுரங்கத்துக்குள் நுழைய அந்தச் சோதனை வேண்டும் என்பது வாடிக்கையாளரின் விதி, என் கையில் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாளே போர்டு தலைவரிடம் போய், ஆள் எடுப்பதற்கு எழுதி வைத்த விதி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஹார்வர்டில் ஸ்டீபன் கார்னெல், ஜோசப் கால்ட் இருவரும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தொழில்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கவுன்சில் அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காத கம்பெனிகளே பெரும்பாலும் லாபத்தில் ஓடின என்பது அவர்கள் கண்டது. கவுன்சில் நினைத்தது நடக்க வேண்டும், ஆனால் போர்டு வழியாக நடக்க வேண்டும்.

இன்னொன்று உங்களுக்குப் புதிதாக இருக்கும். உங்கள் முதலாளியே உங்கள் வாடிக்கையாளரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். எண்ணெயில் இவ்வளவு சம்பாதிக்கிற அதே ஃபோர்ட் மக்கே, தங்கள் வேட்டைப் பகுதியான மூஸ் லேக் பக்கம் ப்ராஸ்பர் பெட்ரோலியம் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது. ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த அனுமதியை 2020 ஏப்ரலில் அல்பெர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கியர்ல் என்ற எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2022இல் கசிவு, 2023 பிப்ரவரியில் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியே வந்ததும், அதபாஸ்கா சிப்பெவயன் நேஷனின் தலைவர் அலன் ஆடம் வெளிப்படையாகவே பொரிந்து தள்ளினார். அந்த நேஷனின் கம்பெனிகளும் எண்ணெய் மணலில் வேலை செய்பவைதான். இதை இரட்டை வேடம் என்று கல்கரியில் சிலர் பேசுவார்கள். குடிக்கிற தண்ணீரும் அங்கே, சம்பளமும் அங்கே என்றால் இரண்டையும் பார்க்கத்தானே வேண்டும்? அப்படி ஒரு நாளில் வாடிக்கையாளர் உங்களைக் கூப்பிட்டு "உன் ஆட்களைக் கொஞ்சம் அடக்கு" என்பார். அவர்கள் என் ஆட்கள் இல்லை, நான்தான் அவர்கள் ஆள் என்று அன்றைக்குச் சொல்ல முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி தலைமை விஷயம். என் மூன்றாவது வருஷம், சமூகக் கூடத்தில் உறுப்பினர் கூட்டம். பின்னால் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சிக் குழம்பும் பேனக் ரொட்டியும் காத்திருந்தன. நான் ஸ்லைடு போட்டு வரவு, லாபம், விபத்தில்லாத மணிநேரம் என்று இருபது நிமிஷம் பேசினேன். முன்வரிசையில் ஒரு பாட்டி. கை தூக்கவில்லை, நான் முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்: "என் பேரன் இரண்டு வருஷமாகக் கேம்பில் துடைப்பம் பிடிக்கிறான். அந்தப் பெரிய லாரியை எப்போது ஓட்டுவான்?"

என்னிடம் பதிலில்லை. விசாரித்தால் பையனிடம் கிளாஸ் 3 லைசென்ஸ் இல்லை, ஏர் பிரேக் தேர்வும் எழுதவில்லை. தேர்வு எழுத நகரத்துக்குப் போக வேண்டும், போக வண்டியில்லை, பழைய அபராதம் ஒன்று கட்டாமல் நின்றிருந்தது. எல்லாம் சேர்த்தால் ஒரு லாரியின் ஒரு வாரத்து டயர்ச் செலவுகூட இல்லை. இரண்டு வருஷமாக யாரும் அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷக் கூட்டத்தில் என் முதல் ஸ்லைடே யார் எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்குப் போனார்கள் என்பதுதான். பாட்டி அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை. குழம்பில் மட்டும் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

வெளியிலிருந்து வந்தவன் என்பதை நினைத்து ரொம்பக் குழம்ப வேண்டாம். அறிமுகத்தில் நான் "இந்தியன்" என்று சொன்னபோது ஒரு பெரியவர், "அப்போ கொலம்பஸ் தேடிப் போனது உன்னைத்தானா?" என்று சிரித்தார். வந்தவனை அவர்கள் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. வந்தவன் எவ்வளவு நாள் இருப்பான், போகும்போது அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பான் என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் நியமனக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: நேஷன் உறுப்பினர் ஒருவர் முதல் வருஷத்திலிருந்தே உங்களுக்கு உதவி மேலாளர், உங்கள் போனஸில் ஒரு பங்கு உறுப்பினர்களின் பதவி உயர்வைப் பொறுத்தது என்று. கல்கரிக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

நடைமுறையில் ஒன்றிரண்டு. செப்டம்பரில் மூஸ் வேட்டைக்குப் போவார்கள், லீவு தரமாட்டேன் என்று நிற்காதீர்கள், சுழற்சி அட்டவணையை முன்கூட்டியே அதற்கேற்பப் போடுங்கள். ஊரில் ஒரு சாவு என்றால் ஊரே போகும். நம் ஊரில் மட்டும் என்னவாம்? பனி உருகும் மாதங்களில் சாலைக்கு எடைக் கட்டுப்பாடு வந்து வேலை குறையும், லைசென்ஸ் பயிற்சியை அப்போது வையுங்கள்.

மனைவி விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லை. ஆனால் கல்கரியில் இருந்தபடி மாதம் இரண்டு தடவை விமானத்தில் போய்வந்து இந்த வேலையைச் செய்ய முடியாது. பாட்டி கேட்ட கேள்வி போனில் வராது. ஆறு மாதம் நீங்கள் மட்டும் போய் இருந்து பாருங்கள், கோடை விடுமுறையில் குடும்பத்தை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. கையெழுத்துப் போடுமுன், நேஷன் தரப்பு போர்டு தலைவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். கல்கரிக்காரர் கூட வரக் கூடாது. தாராளமாகப் போய்வா என்றால், நான் மேலே சொன்ன சந்தேகங்களில் பாதியைக் கழித்துவிட்டு, அந்தச் சந்திப்புக்கு நல்ல காபியாக வாங்கிக்கொண்டு போங்கள். எதற்கு என்று தடுத்தால் கல்கரியிலேயே இருந்துவிடுங்கள், வீட்டம்மாவுக்கும் சந்தோஷம்.