காருக்கு சப்வூஃபர்: 2 இன்ச் காயிலா, 3 இன்ச் காயிலா?

இரண்டுமே 12 இன்ச் சப்வூஃபர்தான் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), வாய்ஸ் காயில், அதாவது ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள், மட்டும் 2 இன்ச், 3 இன்ச் விட்டம் என்று மாறுகிறது, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காயில் பெரிதானால் பேஸ் கூடும் என்பது தவறான எண்ணம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தரும் மின்சக்தியில் பெரும்பகுதி காயிலில் வெப்பமாகத்தான் போகிறது. அகலமான காயில் அந்தச் சூட்டை எளிதாக வெளியேற்றும். நீண்ட நேரம் சத்தமாக ஓடினாலும் எளிதில் கருகாது. ஆனால் எடை கூடும், அதை அசைக்க அதிக பவர் வேண்டும். உங்கள் ஆம்ப் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) என்றால் 2 இன்ச்சே தாராளம். 1000 வாட்டுக்குப் போகிறீர்களா, சரி, 3 இன்ச் எடுங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 'பீக்' வாட்டை (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்) நம்பாதீர்கள்.

அப்புறம், இரட்டைக் காயில், அதாவது ஒரே சப்வூஃபரில் இரண்டு காயில், என்பது வேறு விஷயம். இரண்டு 4 ஓம் (மின்தடையின் அலகு) காயில்களைப் பேரலலாக (பக்கவாட்டில்) இணைத்தால் 2 ஓம், சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) 8 ஓம். ஆம்ப் எத்தனை ஓமைத் தாங்கும் என்று முதலில் பாருங்கள்.