தோல் சோபாவுக்கு எண்ணெய் தடவலாமா?

கேள்வி: எங்கள் தோல் சோபாவுக்கு வயது மூன்று. தலை சாய்க்கும் இடமும் கைப்பிடிகளும் கருத்துப்போய்ப் பிசுபிசுக்கின்றன. தோல் காய்ந்துவிட்டது என்று மாதம் ஒருமுறை ஆலிவ் எண்ணெய் தடவி வருகிறேன். இரண்டு நாள் பளபளக்கிறது. பிறகு முன்னைவிட மோசமாகிறது. இதைவிட நல்ல எண்ணெய் எது?

பதில்: எந்த எண்ணெயும் வேண்டாம். இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் சோபா காயவில்லை. தலையும் கையும் படும் இடங்களில்தான் பிசுபிசுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூந்தல் எண்ணெயும் வியர்வையும் நாள்தோறும் அங்கே படிந்து மேற்பூச்சை இளக்கியிருக்கின்றன. அந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நீங்கள் இன்னும் எண்ணெய் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீடுகளில் இருக்கும் தோல் சோபாக்களில் பெரும்பாலானவை நிறப்பூச்சு கொடுத்தவை. எண்ணெய் அந்தப் பூச்சைத் தாண்டி இறங்காது. மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நாளானால் சிக்கு வாடை அடிக்கும். பூச்சில்லாத 'அனிலின்' தோலாக இருந்தால் எண்ணெயைக் குடித்துத் திட்டுத்திட்டாகக் கருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். சோபாவின் பின்பக்கம், கீழே, கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு உண்டு. உள்ளே இறங்கிக் கருந்தடம் விட்டால் அனிலின்.

பூச்சுள்ள தோல் என்றால், தோலுக்கென்றே விற்கும் மென்மையான கிளீனரை வெள்ளைத் துணியில் எடுத்து, அழுத்தாமல் துடையுங்கள். அடிக்கொரு தரம் துணியைத் திருப்பிப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக வந்தால் அழுக்கு. சோபாவின் நிறமே துணியில் ஏறினால் உடனே கையை எடுத்துவிடுங்கள், பூச்சு கழன்றுவருகிறது. அதற்கு மேல் தோலுக்கு நிறம் பூசத் தெரிந்தவர்தான் கைவைக்க வேண்டும். அனிலின் தோலில் எண்ணெய் ஊறியிருந்தால் வீட்டில் தேய்த்துப் பார்ப்பதே வீண்; நேராக அவரிடமே காட்டுங்கள்.

குளியல் சோப்பைத் தொடவே தொடாதீர்கள். பதனிட்ட தோல் இலேசான அமிலத் தன்மை உடையது, சோப்போ காரம். அடிக்கடி பட்டால் தோல் விறைக்கும், பூச்சும் கெடும். சமையல் சோடா, பிளீச், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எல்லாம் இதே கணக்குதான்.

இனிமேலுக்கு ஒரு வழி: வாரம் ஒருமுறை நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். தலை படும் இடத்தில் துவைக்கக்கூடிய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். தோலை மென்மையாக்கப் பூசும் விலையுயர்ந்த எந்தக் கண்டிஷனரைவிடவும் அந்தத் துண்டு அதிகம் காப்பாற்றும்.

கேள்வி: 'லெதர்' என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது செதில் செதிலாக உரிகிறது. கண்டிஷனர் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உரிந்த இடத்தையும் பாருங்கள். நெய்த துணி இழை தெரிந்தால் அது முழுத் தோல் அல்ல. தோல் துகளைப் பசையிட்டு, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய 'பாண்டட் லெதர்' அல்லது முழுக்கச் செயற்கைத் தோலாக இருக்கும். ஈரமும் வெப்பமும் அந்த ஏட்டைச் சிதைக்கின்றன. அது நீங்கள் பராமரிக்கத் தவறியதால் வந்த கேடு அல்ல. உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'தோல்' என்றே இருந்தால், அதையும் புகைப்படங்களையும் வைத்துக் கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது முழுத் தோலா, பாண்டடா? முதுகுப்புறமும் பக்கங்களும்கூடத் தோல்தானா? உட்காரும் பகுதிக்கு மட்டும் தோல் போட்டு மற்றதற்கு ரெக்சின் தைப்பது பரவலான வழக்கம். அது ஏமாற்று அல்ல. சொல்லாமல் விற்றால்தான் ஏமாற்று. பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குழந்தை பேனாவால் கிறுக்கிவிட்டது. நகப்பூச்சு நீக்கி போடலாமா?

பதில்: கூடாது. மையோடு சோபாவின் நிறத்தையும் கரைத்துவிடும். நீலக் கோடு இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் நிற்கும். தோல் மைக்கறை நீக்கியை மறைவான இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கோட்டின் மேல் மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மை பரவும். இரண்டு முறைக்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.