கையில் இருக்கிற ஜிபிஎஸ்: கடலோடிகளின் கேள்விகளும் பதில்களும்

ஜிபிஎஸ் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: எதை வாங்குவது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும். குளச்சலில் வயர்லெஸ், எக்கோ, ஜிபிஎஸ் பழுது பார்ப்பதுதான் என் தொழில். என் மேசைக்கு வருகிற கருவிகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

பைபர் வள்ளத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் மத்தியானம் கரை சேர்கிறவர்கள் நாங்கள். பழைய கார்மின் 72ஹெச் கெட்டுப்போனது. கடைக்காரர் 79எஸ் எடுக்கச் சொல்கிறார். அக்கா மகன், இட்ரெக்ஸ் எஸ்இ வாங்கினால் 168 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்கிறான். எதை வாங்க?
– வாசகர், பெரியதாழை

அக்கா மகன் சொன்ன எண் சரிதான். 2023-இல் வந்த இட்ரெக்ஸ் எஸ்இ, இரண்டு ஏஏ பென்சில் பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்று கார்மின் கம்பெனி சொல்கிறது. உங்கள் 72ஹெச்சுக்குச் சொன்னது 18 மணி நேரம். 78எஸ், 79எஸ் இரண்டுக்கும் 20 மணி நேரம். எல்லாவற்றிலும் போடுவது அதே இரண்டு பென்சில் பேட்டரிதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், எஸ்இயின் திரை சின்னது, கறுப்பு வெள்ளை. வெயில் பட்டாலே எழுத்து தெரியும், பகலில் விளக்கு எரிய வேண்டியதில்லை. கலர் மேப்பை வரைந்துகொண்டே இருக்கிற வேலையும் அதற்குக் கிடையாது. உள்ளே இருக்கும் சிப்பும் புதுசு, கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும்.

ஆனால் கடலுக்குக் கொண்டுபோகிற ஜிபிஎஸ்ஸில் நான் முதலில் பார்ப்பது, கை தவறி விழுந்தால் மிதக்குமா என்பதைத்தான். 72ஹெச், 78எஸ், 79எஸ் மூன்றும் மிதக்கும். எஸ்இ மூழ்கிவிடும். அட்டையில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு மீட்டர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். இருபது பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி) கீழே போன கருவியை யார் எடுத்து வரப்போகிறார்கள்?

நீங்கள் கடலில் இருப்பது பத்து மணி நேரம். நல்ல பேட்டரி போட்டால் 79எஸ் அதைத் தாண்டி நிற்கும். பொத்தான்களும் அதில் பெரிசு, வலை இழுத்து மரத்துப்போன விரலுக்கும் அகப்படும். எஸ்இயில் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். 72ஹெச்சில் 500 பாயிண்டுக்கு (குறித்து வைக்கிற இடம்) மேல் போட முடியாது, 79எஸ்ஸில் 10,000 போடலாம். என் ஓட்டு 79எஸ்ஸுக்கு. காசு இடிக்கிறது என்றால் எஸ்இயே வாங்குங்கள், அதன் விலை வெகுவாகக் குறைவு. ஆனால் கயிறு கோக்கிற இடத்தில் ஒரு மிதவைத் துண்டைக் கட்டுங்கள். கட்டியதும் பேட்டரியோடு சேர்த்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, மிதந்தால் மட்டும் கடலுக்குக் கொண்டுபோங்கள்.

78எஸ் வைத்திருக்கிறேன். 20 மணி நேரம் என்று அட்டையில் இருந்தது. எனக்கு ஆறு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. கருவி கெட்டுவிட்டதா?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

கருவியைக் குறை சொல்லும் முன் அதில் என்ன பேட்டரி போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெட்டிக்கடையில் சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் கொடுக்கிற மலிவான பென்சில் பேட்டரி பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை. கடிகாரத்துக்கு அது வருஷக்கணக்கில் தாங்கும், ஏனென்றால் கடிகாரம் இழுப்பது சொட்டு கரண்ட். ஜிபிஎஸ் விடாமல் இழுக்கும். அந்த இழுவைக்கு ஜிங்க் கார்பன் சீக்கிரமே படுத்துவிடும். மேலே 'ஆல்கலைன்' என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தினமும் கடலுக்குப் போகிறவருக்கு நான் சொல்வது சார்ஜ் ஏறுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 2,000 எம்ஏஹெச் உள்ள, சும்மா வைத்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காத வகையாகப் பார்த்து இரண்டு ஜோடி வாங்கினால் போதும். ஒரு ஜோடி கருவியில், ஒரு ஜோடி மூடி இறுகிய டப்பாவில். அப்புறம் முக்கியமான ஒன்று: ஆல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட். செட்டப்பில் 'பேட்டரி டைப்' என்ற இடத்தில் எதைப் போட்டிருக்கிறீர்களோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆல்கலைன் என்று வைத்துவிட்டு சார்ஜ் பேட்டரியைப் போட்டால், முழுசாக ஏறிய பேட்டரியைக்கூட மீட்டர் குறைத்துக் காட்டும். நல்ல பேட்டரியைத் தீர்ந்ததாக நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அடுத்தது வெளிச்சம். கம்பெனி சொல்கிற மணிக்கணக்கெல்லாம் விளக்கை அணைத்து வைத்த கணக்கு. ராத்திரி முழுக்க முழு வெளிச்சத்தில் வைத்தால் அந்த எண்ணை மறந்துவிட வேண்டியதுதான். 15 விநாடியில் தானாக அணைகிற மாதிரி வையுங்கள். இருட்டில் கண்ணுக்குப் பாதி வெளிச்சமே தாராளம்.

இவ்வளவும் செய்தும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து, பேட்டரி தொடுகிற ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். காது குடைகிற பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் லேசாகத் தொட்டு அதைத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் வளையத்தில் ஒரு மணல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், அதையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். தடைக்காலத்தில் கருவியை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றியே வையுங்கள். தடை முடிந்து போட் இறங்குகிற வாரம் என் கடைக்கு வருகிற ஜிபிஎஸ்ஸில் பலதும், உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து அரித்தவைதான்.

நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு லட்சத்தீவுப் பக்கம்வரை போகிறோம். போட்டில் கடல் மேப் காட்டுகிற பெரிய பிளாட்டர் இருக்கிறது. அவசரத்துக்கு ஒரு கை ஜிபிஎஸ் வாங்க ஆசை. 86எஸ்ஸில் 35 மணி நேரம் வரும் என்கிறார்களே, 79எஸ்ஸைவிட நல்லதுதானே?
– வாசகர், தூத்தூர்

35 மணி நேரம் என்பது உண்மை. எப்போதாவது ஒருமுறை மட்டும் இடத்தைக் குறிக்கிற சிக்கன முறையில் வைத்தால் 200 மணி நேரம்வரை சொல்கிறார்கள். அதுவும் மிதக்கும். ஆனால் அதன் பேட்டரி உள்ளேயே பொருத்தியது, தீர்ந்தால் சார்ஜ்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் இதை வாங்குவதே போட்டில் கரண்ட் போன வேளைக்காக. எஞ்சினும் பேட்டரியும் தண்ணீர் குடித்த போட்டில் எங்கே சார்ஜ் போடுவீர்கள்? பவர் பேங்கை நம்பலாம், அதுவும் நனையாமல் இருந்தால்.

79எஸ் என்றால், எட்டு ஆல்கலைன் பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை டேப் சுற்றி, லைப் ஜாக்கெட்டோடு கட்டி வைக்கலாம். ஜோடிக்கு 20 மணி நேரம் என்றால் நான்கு ஜோடிக்கு 80. அரை மணிக்கு ஒருமுறை போட்டு, இடம் பார்த்து அணைத்தால் நாள்கணக்கில் வரும். அதனால் உங்களுக்கும் 79எஸ்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லும்போது கை நடுங்குகிறது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் நாளில் நம் ஆட்களில் எத்தனையோ பேர் கையில் ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் எங்கே கிடக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். கரைக்குத் தெரியவில்லை. ஜிபிஎஸ் வானத்திலிருந்து வாங்கும், எதையும் திருப்பி அனுப்பாது. அதனால் கரையோடு சேதி பரிமாற அரசு தருகிற டிரான்ஸ்பாண்டரைக் கழற்றி வீட்டில் வைக்காதீர்கள். விஹெச்எப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் பேசிப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் 1554 வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கட்டும். இவை மூன்றும் இருந்தால்தான் நீங்கள் ஜிபிஎஸ்ஸில் பார்க்கிற எண் இன்னொருவர் காதுக்குப் போகும்.

துபாயில் இருக்கும் மச்சான் '86ஐ' (86i) என்ற ஜிபிஎஸ் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அதில் சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பலாமாம்.
– வாசகர், முட்டம்

வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் தம்பி. பெயர்க் கடைசியில் 'ஐ' வருகிற 86ஐ, 67ஐ இவற்றில் சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் இன்ரீச் கருவி உள்ளடங்கியிருக்கிறது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளையே நம் விமான நிலையங்களில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். 'ஐ' இல்லாத 86எஸ்ஸில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்பா நோட்டில் எழுதி வைத்த பார் (மீன் கூடுகிற கடலடிப் பாறை) பாயிண்டுகளைப் புது ஜிபிஎஸ்ஸில் ஏற்றினேன். எந்தப் பாரிலும் தூண்டில் சரியாக விழவில்லை. கருவி தப்பாகக் காட்டுமா?
– வாசகர், கோவளம்

உங்கள் கடிதத்தோடு வந்த நோட்டுப் பக்கத்தின் நகலைப் பார்த்தேன். அப்பா எழுதியிருப்பது பாகை, நிமிடம், விநாடி: 8° 05′ 45″ என்று. புதுக் கருவி கேட்பது பாகையும், புள்ளி வைத்த நிமிடமும். நீங்கள் 45-ஐ அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டு 8° 05.450′ என்று ஏற்றியிருப்பீர்கள். ஆனால் 45 விநாடி என்பது முக்கால் நிமிடம். 45-ஐ 60-ஆல் வகுத்தால் 0.75. அதாவது 8° 05.750′ என்று போட வேண்டும். வித்தியாசம் 0.3 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல், 1,852 மீட்டர். அப்படியானால் நீங்கள் தூண்டில் போட்டது பாரிலிருந்து 550 மீட்டருக்கு மேல் தள்ளி. தீர்க்கரேகையிலும் இதே மாதிரி ஏற்றியிருந்தால் இன்னும் கூடும்.

ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். செட்டப்பில் 'பொசிஷன் பார்மட்' என்பதை விநாடி வருகிற வகைக்கு மாற்றி, நோட்டில் உள்ளபடியே ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் திரும்பப் புள்ளி வகைக்கே கொண்டுவரலாம், கருவியே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும். 'மேப் டேட்டம்' டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் தருகிற மீன்வளப் பகுதி அறிவிப்பை ஏற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: எண் எந்த வகையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். கரையில் கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர் பார்த்துக் கணிச்சம் (இட அடையாளம்) பிடித்த ஆட்கள் கண்டுபிடித்த பார்கள் அவை. கருவி செத்தால் உள்ளே இருக்கும் பாயிண்டும் போய்விடும். புதிதாக நீங்கள் குறிக்கிறதையும் அதே நோட்டில், எத்தனை பாகம், என்ன மீன் என்பதோடு எழுதுங்கள்.

எங்கள் பழைய ஜிபிஎஸ் இருபது வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது. அதை நம்பிக் கடலுக்குப் போகலாமா?
– வாசகர், கடியபட்டணம்

இடத்தைச் சரியாகக் காட்டினால் போகலாம். ஜிபிஎஸ் சாட்டிலைட் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரலில். பழைய கருவிகள் சிலவற்றுக்கு இது புரியாமல், 1,024 வாரம், அதாவது ஏறக்குறைய 19 வருஷம் 7 மாதம் பின்னால் போய்விடுகின்றன. பாயிண்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நிலா உதயம், சூரிய அஸ்தமனம், மீன் படும் நேரம் என்று கருவி காட்டுகிற பக்கங்கள் எல்லாம் அந்தப் பழைய தேதிக்கான கணக்கு, அவற்றைப் பார்க்க வேண்டாம். கருவிக்குப் புது சாப்ட்வேர் வந்திருந்தால் ஏற்றிப் பார்க்கலாம், கேபிளோடு கொண்டுவாருங்கள். முக்கியமான பாயிண்டுகளை மட்டும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டுக் கொண்டுவாருங்கள்.